எதிர் நாற்காலி

மன்னிப்பாம், மண்ணாங்கட்டி! என் தங்கையின் முன்பல்லை உடைத்தவனை அவள் மன்னிக்க வேண்டுமாம். அதற்கு ஒரு வகுப்பாம், பன்னிரண்டு வாரமாம். மருந்துக்கடை மாடியில் புதன்தோறும் நடக்கிறது. விவாகரத்து வாங்கி ஒரு வருஷமாகியும் யாராவது கதவைத் தட்டினால் நடுங்குகிறாளே என்றுதான் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது வாரம், "நீயும் வாக்கா," என்றாள். கூப்பிட்டுவிட்டாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் தையல் கடையில் வேலையைப் போட்டது போட்டபடி கிளம்பினேன்.

அங்கே எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் தங்கை உட்கார்ந்தாள். தீங்கு செய்தவர் எதிரில் இருப்பதாக நினைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டுமாம். மன்னிப்பதா வேண்டாமா என்பது அப்புறம். மன்னித்தாலும் அவனோடு போய் வாழ வேண்டியதில்லை என்று ஆலோசகர் அம்மா விளக்கினார். சரி, அந்தப் பயலைக் கிழிகிழியென்று கிழிக்கட்டும் என்று ஓரமாக நின்றேன்.

"அக்கா, அதுல நீ உட்காரு."

"நானா? எனக்கெதுக்குடி?"

"உட்காருக்கா."

உட்கார்ந்தேன்.

"மூணு தடவை உன்கிட்ட ஓடி வந்தேன். மூணு தடவையும் 'அடிக்கிற கைதான் அணைக்கும்'னு சொல்லி நீயே திருப்பிக் கொண்டுபோய் விட்ட. அதுக்கு முன்னாடி முழுக்கைச் சட்டை தச்சுக் கொடுத்த. காயம் எதுவரைக்கும் இருக்குன்னு டேப் வச்சு அளவெடுத்த. வலிக்குதுக்கான்னேன். 'அசையாதடி, அளவு தப்பிடும்'னு சொன்ன."

ஐயோ! சொன்னேன்தான். அக்கம்பக்கத்தார் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்பதுதான் அன்று எனக்குப் பெரிய கவலை. நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன், பாவி நான்.

"என்னை மன்னிச்சு..." என்று வாயெடுத்தேன். ஆலோசகர் அம்மா கையமர்த்தினார். "அந்த நாற்காலியில இருக்கறவங்க காது கொடுத்துக் கேட்டா மட்டும் போதும்மா."

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவனைப் போன வாரமே மன்னிச்சுட்டேன்க்கா. அவன்கிட்ட நான் என்னத்தை எதிர்பார்த்தேன்? உன்னைத்தான் முடியல. முயற்சி பண்றேன்."

வகுப்பு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் முடியுமாடி என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. எந்த முகத்தோடு கேட்பேன்?