ஒரு மூடித் தண்ணீர்

தண்ணீர் பாட்டிலைப் புருஷன் கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"இன்னையிலேருந்து இது அடுப்படியிலதான் இருக்கும். கேட்டா நான் தருவேன். அவ்வளவுதான்."

கட்டிலில் கிடந்தவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஹாரனுக்கு வேலை வைக்காமல் வாயாலேயே வழி வாங்கிய ஆள். இப்போது நாலு வார்த்தை பேசினால் நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கியது.

பாட்டிலின் நடுவில் ஒரு வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதுவரைதான் ஒரு நாளைக்கு. இதயம் தளர்ந்து உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. காலை அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. "அதுக்கு மேல போனா நெஞ்சுல ஏறிடும்மா" என்று டாக்டர் அவரை விட்டுவிட்டு இவளைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து புருஷனின் உயிர் அந்தப் பிளாஸ்திரியில்தான் இருக்கிறது என்று இவள் நம்பினாள். மனுஷனோ மூன்று வாரமாகக் காலை பத்து மணிக்குள் பாதியைக் காலி செய்துவிடுகிறார். அப்புறம் நாள் முழுக்க உதட்டை நக்கிக்கொண்டு கிடக்கிறார். சின்னப்பிள்ளை தோற்றுவிடும். "போய்ச் சேரணும்னே முடிவு பண்ணிட்டீங்களா?" என்றுகூடக் கேட்டுவிட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டிலிலிருந்து கை எட்டுகிற ஜன்னல் திண்டில் ஒரு தக்காளித் தொட்டி. வீட்டுக்குப் பின்னால் அவர் வைத்த வெண்டை, கத்தரி, அவரைப் பந்தல் எல்லாம் கருகிப்போய்விட்டன. கோடை முடியப்போகிற நேரத்தில்தான் வெயில் இன்னும் வெறி பிடித்து அடித்தது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி நேரம் நூல் மாதிரி வந்தது. படுத்த முதல் வாரம் அவருக்கு அதே பேச்சுதான். "செடிக்கு ஊத்தினியா? வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஊத்து. வேர்ல மட்டும். இலையில படக்கூடாது." ஒருநாள் இவள் வெடித்தாள்.

"உங்க போர்வையை அலசவே தண்ணி இல்ல. நான் செடியைப் பாக்கணுமா, உங்களைப் பாக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தாள். தக்காளி மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்து இரண்டு காய்கூட விட்டிருந்தது. "இதுக்கும் உங்களை மாதிரியே கெட்டி உசிரு" என்று போன வாரம் சொன்னாள். அவர் சிரித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தார்.

பாட்டிலைப் பிடுங்கிய அன்றே பதினோரு மணிக்கு அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆம்புலன்சுக்கு போன் செய்துவிட்டு, வீட்டிலிருந்த தலையணையை எல்லாம் முதுகுக்குப் பின்னால் அடுக்கி அவரை நிமிர்த்தினாள்.

"தண்ணி" என்றார்.

"வண்டி வருது. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"ஒரு மூடி... போதும்."

"ஐயோ, மூச்சு அடைச்சிடும்ங்க. என் கையாலயே உங்களைக் கொல்லச் சொல்றீங்களா?"

பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாள். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்து ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க. நல்லாயிட்டா ஒரு குடம் தரேன். கோவிச்சுக்காதீங்க." அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்துதான் அவள் கையை விலக்கினார்கள். நாடியைப் பார்த்தபின் அவர்களுக்கு வேறு வேலை இருக்கவில்லை.

மூன்று மணிக்கு வீடு நிறைந்திருந்தது. மகள் பஸ் ஏறிவிட்டாள், வந்துகொண்டே இருக்கிறாள் என்றார்கள். கட்டிலில் கிடத்தியிருந்தவர் முகத்தில் வெயில் விழுகிறதே என்று ஜன்னலைச் சாத்தப் போன எதிர்வீட்டுத் தையல்காரி அங்கேயே நின்றாள்.

"அண்ணி, இன்னைக்கு இதுக்கு யாரும் ஊத்தலையா? தொங்கிப்போச்சே."

"அதுக்கு யாரு ஊத்துறா?"

"அண்ணன்தான். தினம் காலையில மருந்து மூடியில ஊத்தி ஊத்தி விடுவாரே. என் மெஷின்லேருந்து பார்த்தா நேரா தெரியும். எண்ணி முப்பது மூடி. நடுவுல மூச்சு வாங்கும், விடமாட்டார். பொழுதுபோகட்டும்னு நீங்கதான் குடுத்திருக்கீங்கன்னு நெனச்சேன்."

அவள் எழுந்து போய்த் தொட்டிக்குள் விரலை விட்டாள். மேல்மண் காய்ந்திருந்தது. ஒரு கணு உள்ளே போனதும் ஈரம் தட்டியது. நேற்று ஊற்றியது.

"பாவி மனுஷா" என்றாள். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? திட்டியிருப்பாள். தொட்டியைத் தூக்கி வெளியே போட்டிருப்பாள். மூன்று வாரமாக அவர் தாகத்தோடு கிடந்திருக்கிறார், இவள் அவரைப் பேராசைக்காரன் என்று நினைத்திருக்கிறாள். கடைசியில் கேட்டாரே ஒரு மூடி, அது யாருக்கு? அதைச் சொல்ல இனி ஆள் இல்லை.

"சுடுகாட்டு வண்டி வந்தாச்சு" என்று வாசலில் யாரோ சொன்னார்கள்.

அவள் அடுப்படிக்குப் போனாள். மாவு டப்பாவுக்குப் பின்னால் பாட்டில் ஒளித்துவைத்த இடத்திலேயே இருந்தது. தண்ணீர் பிளாஸ்திரிக்கு ஒரு விரல் கீழே நின்றது. அதை எடுத்துவந்து, மருந்து மூடியில் ஊற்றி, இலையில் படாமல் வேரில் விட்டாள். மண் உடனே குடித்துவிட்டது.

இரண்டாவது மூடியை நிரப்பினாள். அதை ஏந்திக்கொண்டு, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், சிந்தாமல் நின்றாள்.