ஹீனெக் கேட்ட கருத்து

முப்பத்தொரு வருஷம் உருக்காலையில் எஃகின் கடினத்தைச் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் மிலாடா. லோமெச் ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்தில் பதினான்கு வருஷமாக உறுப்பினர். அந்தப் பதினான்கு வருஷத்தில் சங்கம் அவளிடம் கேட்டதெல்லாம் இரண்டே விஷயம். போட்டி நாளில் உருளைக்கிழங்கு சாலட் எத்தனை கிலோ வரும், கழிவறைச் சாவி யாரிடம் இருக்கிறது.

அதனால் மார்ச் மாதம் தலைவர் ஹீனெக் அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "மிலாடா, உன்னால ஒரு காரியம் ஆகணும்" என்றபோது அவள் சாலட் என்றுதான் நினைத்தாள்.

"ஜூன்ல மாவட்டப் போட்டி நம்ம குவாரியில நடக்கப்போகுது. எஃகு இலக்குத் தகடு மாட்ட எட்டு ஸ்டாண்டு வாங்கணும். தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும். உன்னைவிட எஃகு தெரிஞ்சவங்க நம்ம சங்கத்துல யாரு இருக்கா? நீ பார்த்து எது நல்லதுன்னு சொல்லு."

உள்ளே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் லுபோர் நிமிர்ந்து பார்த்து, "அடேயப்பா, நிபுணர் ஆயிட்டியே" என்று சிரித்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் அவன். ஞாயிற்றுக்கிழமை குவாரியில் சுடுவது, புதன்கிழமை சங்கத்து ஆட்களோடு பீர், இதைத் தவிர அவனுக்கு வாரத்தில் வேறு நாளே கிடையாது.

மிலாடா அந்த வேலையை ஆலையில் பார்த்தது போலவே பார்த்தாள். மூன்று வகை ஸ்டாண்டுகளை, வகைக்கு ஒன்றாக இரவல் வாங்கினாள். முதலாவது, இரண்டு பக்கமும் கால் விரித்த குழாய்ச் சட்டம். தகடு சங்கிலியில் தொங்கும். இருபத்தாறு கிலோ. அதைக் காரிலிருந்து இறக்கவே இரண்டு ஆள் வேண்டும், சங்கிலியில் ஒரு குண்டு பட்டால் அறுந்துபோகும். இரண்டாவது, மடித்து வைக்கும் அடிக்கால். அதில் ஒரு மரச்சட்டத்தைச் செருகி, உச்சியில் கொக்கி மாட்டி, ரப்பர் பட்டையில் தகட்டைத் தொங்கவிட வேண்டும். தகடு லேசாக முன்னால் குனிந்து நிற்கும். பதினொரு கிலோதான். குண்டு பட்டு மரம் சிதைந்தால் வேறு மரம் செருகிக்கொள்ளலாம். மூன்றாவது ஹீனெக்கின் மருமகன் ரதீம் தன் பட்டறையில் செய்தது. சதுரக் குழாயில் பற்றவைத்து, பச்சை வண்ணம் அடித்து, தகட்டை நாலு போல்ட்டால் அசையாமல் நேராக முறுக்கியிருந்தான். பார்க்க அதுதான் அழகு.

எஃகுத் தகட்டில் படுகிற குண்டு நொறுங்கித் தூளாகி, தகட்டை ஒட்டியே நாலா பக்கமும் பாயும். தகடு குனிந்து நின்றால் பெரும்பகுதி மண்ணில் இறங்கும். நேராக நின்றால் எங்கே போகும் என்று பார்க்க மிலாடா ஒரு வழி செய்தாள். கேக் சுடப் போடும் வெள்ளைத் தாளைச் சட்டங்களில் இழுத்து ஒட்டி, ஒவ்வொரு ஸ்டாண்டைச் சுற்றியும் நிறுத்தினாள். பன்னிரண்டு மீட்டரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஐம்பது குண்டு சுட்டாள். வார நாள், ஆளில்லாத குவாரி. மழை பிடித்துக்கொண்டு ஒரு தடவை தாளெல்லாம் கூழாகி, மறுநாள் மொத்தத்தையும் முதலிலிருந்து செய்தாள்.

குனிந்த தகட்டைச் சுற்றியிருந்த தாளில் ஓட்டைகள் கணுக்கால் உயரத்துக்கு மேல் ஏறவில்லை. ரதீமின் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த தாள் முழங்காலிலிருந்து முகம் வரை சல்லடையாகிக் கிடந்தது. போல்ட் தலையில் பட்ட ஒன்று அவள் நின்ற இடத்தையும் தாண்டிப் பின்னால் போயிருந்தது. அவளுக்குச் சந்தேகம் வந்து, பையிலிருந்து அரத்தை எடுத்துத் தகட்டின் விளிம்பில் இழுத்தாள். நல்ல கடின எஃகில் அரம் வழுக்கும். இதில் கடித்தது. பொடி உதிர்ந்தது. நாலு மாதம் சுட்டால் தகடெல்லாம் குழி விழும், குழியில் படுகிற குண்டு சுட்டவன் முகத்துக்கே திரும்பும் என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் மதுக்கடையின் பின்னறையில் கூட்டம். மிலாடா நாலு பக்கம் எழுதிக்கொண்டு, அந்தத் தாள்களையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். விரித்துக் காட்டினாள். வினிகரில் ஊறிய தொத்திறைச்சியைத் தின்றுகொண்டே எல்லோரும் பார்த்தார்கள்.

"மிலாடா, அருமையா பண்ணியிருக்க" என்றான் ஹீனெக். "ஆனா ஸ்டாண்டு எட்டும் வந்தாச்சு. கொட்டகையில இருக்கு."

"எது?"

"ரதீம் செஞ்சதுதான். நம்ம பையன். ஏதாவது உடைஞ்சா ஓடி வந்து பார்ப்பான்."

"எப்ப வந்தது?"

"பிப்ரவரியிலேயே செய்யச் சொல்லிட்டோம்."

மிலாடா மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அப்புறம் எதுக்கு மார்ச்ல என் வாசல்ல வந்து நின்ன?"

"மாவட்டத்துல கேக்குறாங்கம்மா, விஷயம் தெரிஞ்சவங்க யாராவது சோதிச்சுப் பார்த்தாங்களான்னு. நீ சோதிச்சுட்ட. அவ்வளவுதான் வேணும்."

"சோதிச்சேன். ஆகாதுன்னு சொல்றேன். தகடே மிருதுவா இருக்கு, ஹீனெக். அரம் கடிக்குது."

"உன் அரம் எல்லாத்தையும்தான் கடிக்கும்" என்று மூலையிலிருந்து ரதீம் சொல்ல, அறை சிரித்தது. சங்கச் செயலாளர் வில்மாவும் சிரித்தாள். வில்மாவும் மிலாடாவும் இருபது வருஷமாகச் சேர்ந்து காளான் பொறுக்கப் போகிறவர்கள்.

"சரி, கை தூக்கிடுவோம்" என்றான் ஹீனெக். "ரதீம் ஸ்டாண்டு போதும்கிறவங்க?"

கைகள் எழுந்தன. மிலாடா யாரையும் பார்க்கவில்லை, பக்கத்து நாற்காலியை மட்டும் பார்த்தாள். லுபோர் சிறிது நேரம் தன் பீர்க் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தான். பிறகு அவன் கையும் போனது, காது உயரம் வரைக்கும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"தாளைப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டா கை தூக்குன?"

"என்னை என்ன பண்ணச் சொல்ற? உனக்கு எழுத்து, அளவுன்னு ஆயிரம் இருக்கு. எனக்கு இந்த ஊர்ல போய் உக்காரதுக்கு வேற இடம் எது?" என்றான். பிறகு, "ஒரு கை கூடி என்ன ஆகப்போகுது, குறைஞ்சு என்ன ஆகப்போகுது" என்றும் சொன்னான்.

மாவட்டத்துக்குப் போன அறிக்கையில், எஃகுத் துறையில் முப்பது வருஷ அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் ஸ்டாண்டுகளைச் சோதித்ததாக வில்மா எழுதியிருந்தாள். அதில் பொய் எதுவுமில்லை.

ஜூன் போட்டி ஒரு கீறல் இல்லாமல் நடந்து முடிந்தது. அதுதான் மிலாடாவுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாகப் போனது. அன்றிலிருந்து அவளுக்கு "அரம்" என்றே பேர் விழுந்தது. "அரம் வருது, முகத்தை மூடிக்கோங்க" என்பான் ஒருவன். "கேக் தாள் கொண்டாந்தியா?" என்பான் இன்னொருவன். அவள் எஃகுப் பக்கமே போகாமல் கடைசித் தடத்தில் காகித இலக்கைச் சுட்டுவிட்டுத் திரும்பினாள். ஒரு தடவை யாரும் இல்லாதபோது கொட்டகைக்குள் போய்த் தகடுகளைத் தடவிப் பார்த்தாள். அம்மைத் தழும்பு போன்ற குழிகளில் விரல் நுனி இறங்கியது. ஹீனெக்கிடம் சொன்னாள். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றான்.

யாருக்காவது பட்டுத் தொலைத்தால்தான் இவர்களுக்கு உறைக்கும் என்று அந்த ஆகஸ்டில் அவள் நினைத்தது உண்டு. நினைத்ததற்காக வெட்கப்பட்டதும் உண்டு.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே லுபோர் வந்துவிட்டான். கன்னத்தில் கைக்குட்டை, கைக்குட்டை முழுக்க ரத்தம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தான், அதன் விளிம்புக்குக் கீழே ஏதோ துணுக்கு ஏறியிருந்தது. மிலாடா அடுப்பை அணைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தாள்.

பாதி வழியில் லுபோர் சொன்னான்: "கேட்டா, வீட்டுல கிரைண்டர்ல வேலை செஞ்சப்ப தெறிச்சதுன்னு சொல்லணும்."

"யார் சொன்னது?"

"ஹீனெக். சுட்டதுல காயம்னா எழுதிருவாங்க. குவாரியை மூடிருவாங்க."

"உனக்கு வலிக்குதா?"

"அதை விடு. சொல்வியா மாட்டியா?"

அவள் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினாள்.

மருத்துவமனையில் சின்ன வயசு டாக்டர் பெண் ஒருத்தி கன்னத்தைத் திறந்து அரை விரல்நகம் அளவு செம்புத் துணுக்கை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் மேலே பட்டு, கண்ணாடியும் இல்லாமல் இருந்திருந்தால் கண் போயிருக்கும் என்றாள். "எப்படி ஆச்சு?"

"கிரைண்டர்" என்றான் லுபோர்.

டாக்டர் கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு மிலாடாவைப் பார்த்தாள். "நீங்க கூட இருந்தீங்களா?"

"இல்ல" என்றாள் மிலாடா. "ஆனா அது குண்டோட மேலுறை. மிருதுவான தகட்டுல குழி விழுந்து, அதுல பட்டுத் திரும்பியிருக்கு. எழுதிக்கோங்க, ஸ்டாண்டு நேரா நிக்கிற வகை."

லுபோர் கண்ணை மூடிக்கொண்டான். தையல் போட்டு முடியும் வரை திறக்கவேயில்லை.

பத்து நாளில் அதிகாரிகள் இரண்டு பேர் வந்து குவாரிக்குப் பூட்டுப் போட்டார்கள், வசந்தம் வரைக்கும். ஊரில் ஒருவரும் ரதீமைத் திட்டவில்லை. ரொட்டிக் கடையில் வில்மா அவளைப் பார்த்துவிட்டு, ரொட்டி வாங்காமலே வெளியே போனாள். மறுபடி ஒருநாள் எதிர்ப்பட்டபோது நின்று, "சொந்தப் புருஷனை வச்சு உன் பழியைத் தீர்த்துக்கிட்ட, சந்தோஷமா?" என்றாள். மிலாடாவுக்குச் சொல்ல நிறைய வாய் வரை வந்தது. ஆகஸ்டில் நினைத்தது நினைவுக்கு வந்து வாயை அடைத்தது.

லுபோர் ஏழு வாரம் வீட்டிலேயே கிடந்தான். டிவி பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், அவளை மட்டும் பார்க்கவில்லை. டிசம்பரில் ஒரு புதன்கிழமை முகம் மழித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான், முகம் தெளிந்திருந்தது.

"சங்கத்து ஆளுங்ககிட்ட பேசிட்டேன்" என்றான். "மன்னிப்புக் கேட்டுட்டேன்."

"நீ எதுக்குக் கேக்கணும்?"

"எனக்காக இல்ல. உனக்காக."

மிலாடா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "என்னன்னு கேட்ட?"

"வேலை நின்னதுலேருந்து உனக்கு மனசு சரியில்ல, எதைப் பார்த்தாலும் குறையாத் தெரியுதுன்னு சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பாவம்னாங்க. ஹீனெக் எனக்கு ஒரு பீர் வாங்கிக் குடுத்தான்."

கன்னத்துத் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஐம்பத்தொன்பது வயசில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடி, தலைநகர் பிராகாவில் தங்கையின் இரண்டு அறை வீடு வரை போய் அப்படியே நின்றுவிட்டது. சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். அவன் பசியோடு சாப்பிட்டான்.

ஏப்ரலில் குவாரி திறந்தது. புதுத் தகடு போட வேண்டும், தகடு முன்னால் குனிய வேண்டும் என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ரதீம் எட்டு ஸ்டாண்டிலும் ஒரு கீல் பற்றவைத்துத் தகட்டைக் குனியவிட்டான்.

"ரதீம் நல்லா யோசிச்சுப் பண்ணியிருக்கான்" என்றான் லுபோர் அன்று சாப்பாட்டு மேசையில். "தெறிக்கிறதெல்லாம் நேரா மண்ணுக்குப் போயிடுது. நீயும் வாயேன் ஞாயித்துக்கிழமை. இப்ப யாரும் உன்மேல கோவமா இல்ல."

மிலாடா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே நல்ல சேதி கொண்டுவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரமே அவள் தன் கைத்துப்பாக்கியை யிஹ்லாவா நகரில் ஒரு துப்பாக்கிக் கடைக்கு எடுத்துப்போனாள். கடைக்காரர் பிரித்துப் பார்த்து, "கண்ணு மாதிரி வச்சிருக்கீங்களே. ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டார்.

"பார்வை மங்கிடுச்சு" என்றாள் மிலாடா.