லிமாச்சேக்குப் போன மண்

வில்லா அலெமானாவிலிருந்து லிமாச்சே போகும் ரயிலில், மடியில் ஒரு பை மண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் எலியானா. டெகு என்கிற அணில் மாதிரிப் பிராணி புரண்டு குளித்த மண். எதிரே இருந்தவர் பையைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக வந்தார். கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. வில்லா அலெமானாவில் அவளிடம் யாரும் எதையும் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. இப்படி மண்ணோடு போவது இது ஐந்தாவது சனிக்கிழமை. மூன்றே போதும் என்றுதான் முதலில் பேச்சு.

அறுபத்து நான்கு வயது அவளுக்கு. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகன் வடக்கே தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். பேத்தியின் படம் வரும், அவன் வரமாட்டான். வீட்டில் துணை என்று இருந்தவை மோரா, கனேலா என்ற இரண்டு டெகுக்கள், அம்மாவும் மகளும். அணில் பருமன், எலி முகம், வால் நுனியில் ஒரு தூரிகை. பழக்குவதற்கு நாலு மாசம் பிடித்தது. கூண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு மரத்துப் போகும்வரை அசையாமல் உட்கார வேண்டும், தினமும். மேலேயிருந்து கை வந்தால் பருந்து என்று நினைத்துப் பதறி ஓடும். கீழேயிருந்து நீட்டினால் என்றைக்காவது ஒருநாள் வந்து முகரும். கனேலா முதன்முதலாக அவள் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்த அன்று மனுஷி அழுதுவிட்டாள். இதற்கெல்லாமா அழுவார்கள் என்று கேட்காதீர்கள். தனியாக இருப்பவர்கள் அழுவார்கள்.

ஏப்ரலில் மோரா வயசாகிச் செத்துப்போயிற்று. கனேலா மண்ணில் புரள்வதை நிறுத்தியது. காலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீச்சுக்கீச்சென்று ஒரு ராகம் இழுக்கும், அதுவும் நின்றது. பிறகு முன்காலில் தன் ரோமத்தைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. கால்நடை மருத்துவராக இருந்த பெண் அதைப் பார்த்ததும் சொல்லிவிட்டாள்.

"இது ஒத்தையில இருக்கிற பிராணியில்ல, சென்யோரா. இப்படியே விட்டா தங்காது. லிமாச்சேல தோன் ரெமிஹியோன்னு ஒருத்தர் இருக்காரு, போய்ப் பாருங்க."

'தோன்' என்பது மரியாதைக்கு. ரெமிஹியோ ஓர் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் டெகுக்களைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்ற பிறகும் விட்டபாடில்லை. கார் நிற்க வேண்டிய கொட்டகையில் இருபத்து மூன்று டெகுக்கள். வீட்டில் அவரும் அவருடைய அக்கா ஒஃபெலியாவும். அவர் பத்து வார்த்தை பேசினால் அந்த அம்மாள் ஆயிரம் பேசுவாள்.

முதல் நாள் அவர், பிடித்தால் தோல் உரிந்துவிடும் என்று கனேலாவின் வாலைத் தொடாமல், மார்பையும் பின்பக்கத்தையும் தாங்கித் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"பொட்டைதான்."

"அது எனக்குத் தெரியுமே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ரெண்டுக்குமே அங்க ஒரு மொட்டு துருத்திக்கிட்டு இருக்கும், அதப் பாத்து ஏமாந்துடுவாங்க. மொட்டப் பாக்கக் கூடாது, அதுக்குப் பின்னால இருக்கிற இடைவெளியப் பாக்கணும். ஆணுக்கு என் சுண்டுவிரல் நகம் அகலம் இருக்கும். பொட்டைக்கு ஒட்டினாப்புல இருக்கும்."

"அந்தப் பாதிரியார் கதையச் சொல்லு," என்று சமையலறையிலிருந்து ஒஃபெலியாவின் குரல் வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "அண்ணன் தம்பின்னு ரெண்டக் கொண்டுபோய் வளத்தாரு. மூணு மாசத்துல தம்பி அஞ்சு குட்டி போட்டுட்டான்."

எலியானா சிரித்தாள். தன் சிரிப்பு அவளுக்கே யாரோ சிரிப்பதுபோல் கேட்டது.

கொட்டகையிலிருந்து ஆறு மாசப் பொட்டை ஒன்றை ரெமிஹியோ தேர்ந்தெடுத்தார். அப்படியே கொண்டுபோய் ஒன்றாக விட்டுவிடலாமே என்றாள் எலியானா.

"விட்டா ஒண்ண ஒண்ணு கடிச்சுக் கொன்னுடும். இதுகளுக்கு வாசனைதான் சொந்தபந்தம். உங்களது புரண்ட மண்ண வாராவாரம் கொண்டாங்க, இதோட தொட்டியில போடுறேன். இது புரண்டத நீங்க கொண்டுபோய் அதோட தொட்டியில போடுங்க. மூணு வாரம். ஒண்ணோட வாசனை இன்னொண்ணுக்குப் பழகிடும். அப்புறம் பொது எடத்துல விட்டா சண்டை வராது."

பிறகு தேநீர். சூடான மராக்கெத்தா ரொட்டி, மசித்த வெண்ணெய்ப்பழம், கொஞ்சம் பாலாடைக்கட்டி. மண்ணெண்ணெய் அடுப்பு அறையைக் கதகதப்பாக்கிக்கொண்டிருந்தது. ஒஃபெலியா தெருவில் இருக்கிறவர்கள் அத்தனை பேரின் வண்டவாளத்தையும் தண்டவாளத்தில் ஏற்றினாள். கனேலாவுக்கு ஆசையாக உலர்ந்த திராட்சை கொடுப்பதாக எலியானா சொன்னதும் ரெமிஹியோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"இனிப்பா? சர்க்கரை வந்து கண்ணு அவிஞ்சுபோயிடும்."

"இவன் எனக்கே ஜாம் குடுக்க மாட்டேங்கிறான்," என்றாள் ஒஃபெலியா. "நானும் டெகுன்னு நெனப்பு."

மூன்று மணி நேரம். எலியானா புருஷனைப் பற்றிப் பேசினாள், மகனைப் பற்றிப் பேசினாள், முழங்கால் வலியைப் பற்றிக்கூடப் பேசினாள். வீடு திரும்பியபோது தொண்டை கரகரத்தது. அவ்வளவு பேசி வருஷக்கணக்காகியிருந்தது.

முதல் இரண்டு வாரமும் சொன்னது சொன்னபடி செய்தாள். புது மண்ணைத் தொட்டியில் கொட்டியதும் கனேலா வந்து முகர்ந்தது, மீசை துடித்தது, ஒருமுறை புரண்டுகூடப் பார்த்தது. மூன்றாவது சனிக்கிழமை மண்ணைக் கையில் கொடுக்கும்போது ரெமிஹியோ, "இதோட சரி. அடுத்த வாரம் இவளக் கூட்டிட்டுப் போயிடலாம்," என்றார்.

திரும்பும் ரயிலில்தான் அது உறைத்தது. அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால், அதற்கடுத்த சனிக்கிழமை? மண் இல்லை, வேலை இல்லை. எதைச் சொல்லிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பது? வில்லா அலெமானாவில் இறங்கியதும், நிலையத்துக்கு வெளியே இருந்த மரத்தடியில் பையைக் கவிழ்த்துவிட்டாள். நாலு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தாள். அள்ளியிருக்கலாம். அள்ளவில்லை.

"இன்னும் பயப்படுதுங்க," என்று அடுத்த வாரம் சொன்னாள். "மண்ணப் போட்டதும் பல்ல நறநறன்னு கடிக்குது."

"அப்படியா? இவ உங்க மண்ணுல நல்லாத் தூங்குறாளே." ரெமிஹியோ தாடையைத் தடவினார். "சரி, இன்னும் ஒரு வாரம் பாப்போம்."

ஒரு வாரம் இரண்டாயிற்று, மூன்றாயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதோ ஒரு பொய். ஒளிகிறது என்றாள், கீச்சிடுகிறது என்றாள். ஒவ்வொரு முறையும் லிமாச்சே மண் மரத்தடிக்குப் போயிற்று. கூண்டில் கனேலாவின் முன்கால் இரண்டும் மொட்டையாகிவிட்டன. நல்ல உடம்பு டெகுவுக்கு இருப்பதுபோல ஆரஞ்சாக இருந்த பல் வெளுத்துக்கொண்டு வந்தது. முதுகைத் தடவினால் எலும்பு விரலில் நெருடியது. அவளுக்குத் தெரியாமல் நடக்கவில்லை எதுவும். தினமும் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "மன்னிச்சுக்கடி, இந்த ஒரு வாரம்தான்," என்பாள். சனிக்கிழமை விடிந்தால் குளித்து, தலைவாரி, ஆப்பிள் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள்மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கமாட்டேன். ஆனால் ஒரு மேஜையில் தனக்கென்று ஒரு நாற்காலி இழுத்துப் போடப்படுவதற்கு ஏங்கிக் கிடந்தவர்கள்தான் அவளைப் பேசலாம்.

எட்டாவது சனிக்கிழமை காலை, கூண்டின் மூலையில் கனேலா சுருண்டு கிடந்தது. தொட்டாள். சில்லென்றிருந்தது.

அதை ஒரு துணியில் சுற்றிக் கொல்லையில் துவைக்கும் தொட்டிமேல் வைத்தாள். திரும்பி வந்து, செத்ததன் மண்ணைப் பையில் அள்ளினாள். ஆமாம், அள்ளினாள். கேக்கை இன்னொரு பையில் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனாள்.

லிமாச்சேயில் அவள் நாற்காலியில் ஒரு சின்னக் கூண்டு இருந்தது. உள்ளே அந்த இளசு.

"இன்னிக்கு இவ உங்களோட வர்றா," என்றார் ரெமிஹியோ. "மண்ணு எடுபடல, என்ன காரணமோ தெரியல. ரெண்டு கூண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. கம்பி வழியாப் பழகட்டும்."

"ஒருத்தருக்கொருத்தர் கண்ணால பாத்தாச் சரியாயிடும்," என்றாள் ஒஃபெலியா. "கேக்க இங்க குடுங்க."

இளசு கம்பியைப் பிடித்துக்கொண்டு எலியானாவைப் பார்த்தது. பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடலாம். யாருக்கும் தெரியாது. வீட்டில் ஒரு உயிர் இருக்கும், அதைச் சாக்குவைத்து மறுபடி வரவும் செய்யலாம். ஆனால் இங்கே இருபத்திரண்டோடு ஒட்டிப் படுத்துப் பழகியது, அந்த வீட்டில் ஒத்தையாகப் போய் உட்காரும். கடைசியில் மூலையில் சுருண்டு படுக்கும்.

"எனக்குக் குடுக்காதீங்க," என்றாள்.

"ஏன்?"

"கனேலா செத்துப்போச்சு. காலையில." பை இன்னும் கையில் இருந்தது. "மண்ணு எடுபடாம இல்ல, தோன் ரெமிஹியோ. நான் போடல. மூணாவது வாரத்துலேருந்து ஸ்டேஷன் வாசல்லயே கொட்டிட்டேன்."

ரெமிஹியோ எழுந்தார். கூண்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?" ஒஃபெலியாவின் குரல் இறங்கியிருந்தது.

"சனிக்கிழமை சனிக்கிழமை இங்க வரத்தான்."

"அதுக்கு மண்ணு எதுக்கு, பைத்தியக்காரி? பெல்ல அடிச்சாத் தொறக்க மாட்டோமா?"

"அது எனக்குத் தெரியல," என்றாள் எலியானா. உண்மையாகவே தெரியவில்லை அவளுக்கு.

ரெமிஹியோ திரும்பி வந்து வாசல்படியிலேயே நின்றார். "எளைச்சுப் போயிருக்குமே. முடியெல்லாம் பிடுங்கியிருக்குமே. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவர் தலையைக் குனித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஒஃபெலியா வாசல்வரை கூட வந்தாள். எலியானாவின் கழுத்துத் துண்டை இழுத்துச் சரியாகச் சுற்றிவிட்டாள். "அவன் ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பான், அப்புறம் சரியாயிடுவான். அடுத்த சனிக்கிழமை வாங்க. கையில ஒண்ணும் வேணாம், சும்மா வாங்க. கேட்டுச்சா?"

"வர்றேன்," என்றாள் எலியானா.

போகவில்லை. அந்தச் சனிக்கிழமையும் போகவில்லை, அதற்கடுத்ததும் போகவில்லை. இரண்டு வாரமும் தேநீர் நேரத்துக்குத் தொலைபேசி அடித்தது. அந்த நேரத்துக்குக் கூப்பிடக்கூடியது உலகத்தில் ஒருத்திதான். எலியானா சமையலறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அது அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் அடிக்கவில்லை.