முப்பத்தொன்பதரை

"ஊரெல்லாம் ரோடு போட்டு வச்சிருக்கான். இந்த மனுஷனுக்கு மட்டும் கல்லு மேலதான் சைக்கிள் ஓட்டணும்." என் மனைவி இதைத் தன் தங்கையிடம் ஃபோனில் சொல்வாள். என் காதில் விழ வேண்டும் என்றே உரக்கச் சொல்வாள். விழும். நான் பாட்டுக்குச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பேன்.

எனக்கு வயது நாற்பத்தாறு. சிமெண்ட் கல் செய்யும் யார்டில் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எப்போது போனார்கள் என்று நோட்டில் எழுதுவது என் வேலை. மேனேஜர் முகத்துக்கு நேராகத் திட்டுவார். லோடுமேன்கள் முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள். வீட்டில் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்டவன் இரண்டு வருடம் ஆசைப்பட்டு ஒரு மலை சைக்கிள் வாங்கினேன். தடித்த டயர், முன்னால் ஷாக், இருபது கியர். "பையன் காலேஜ் போற வயசுல அப்பனுக்கு விளையாட்டுச் சாமான்" என்றார் மாமனார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்கள் ஊர் வெயிலில் இந்தப் பைத்தியம் பிடித்தவன் தூக்கத்தை மறந்துவிட வேண்டும். நாலரைக்கு அலாரம். பாதி தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் படுக்க வைத்த இரண்டு பாட்டிலையும் எடுத்து மீதியை நிரப்ப வேண்டும். டயரை அமுக்கிப் பார்க்க வேண்டும். பஞ்சரை அடைப்பதற்காக டயருக்குள் பால் மாதிரி ஒரு கோந்து ஊற்றுவோம். மற்ற ஊர்களில் அது ஆறு மாதம் தாங்குமாம், எங்கள் ஊரில் ஒரே மாதத்தில் காய்ந்து தோசைப் பொருக்காகிவிடும். ஐந்து மணிக்குச் சலூன்காரர் தெருமுனையில் நிற்பார். அவரும் நானும்தான். ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றில், கைவிட்ட கல்குவாரிப் பாதையில் ஏறுவோம். ஏற நாற்பது நிமிஷம். இறங்க ஏழு நிமிஷம்.

ஏழு மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் பாறை சூட்டைக் கக்க ஆரம்பிக்கும், பிரேக்கில் விரல் வைக்க முடியாது. சாயங்காலம் போகலாமே என்பார்கள். ஒரு நாள் போனேன். பாறை பகல் முழுக்கக் குடித்த வெயிலை எல்லாம் என் மேல் துப்பியது, பாதி வழியில் வாந்தி எடுத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஆக எனக்கு உள்ளது காலை ஐந்திலிருந்து ஏழு. அதிலும் அந்த இறங்குகிற ஏழு நிமிஷம். அப்போது என்னை யாரும் கூப்பிட முடியாது, திட்ட முடியாது. அடுத்த கல் எது, எந்தப் பக்கம் சாய வேண்டும், அவ்வளவுதான் உலகம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஏழு நிமிஷம் மட்டும்தான்.

யார்டில் ஒரு விதி உண்டு. ஆபீஸ் வாசலில் வெப்பமானி தொங்கும். தினமும் பகல் இரண்டு மணிக்கு அதைப் பார்த்து நான் நோட்டில் எழுத வேண்டும், கரும்பலகையிலும் எழுத வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் நாற்பதைத் தாண்டினால் மறுநாளிலிருந்து வெயில் காலம் முடியும்வரை வேலை நேரம் மாறும். எட்டிலிருந்து நாலு என்பது போய், விடிகாலை ஐந்திலிருந்து பதினொன்று. உச்சி வெயிலுக்கு முன்னால் எல்லோரும் வீட்டில்.

போன வருடங்களில் வெயில் காலத்தின் கடைசியில்தான் அப்படி வரும். இரண்டு வாரம் விடுமுறை நாள் தவிரச் சைக்கிளைத் தொடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். இந்த வருடம் ஆரம்பமே கொளுத்தியது. "இப்பவே அஞ்சு மணி ஷிப்டு வந்தா மூணு மாசத்துக்கு உன் சைக்கிளுக்குச் சங்குதான்" என்றார் சலூன்காரர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அன்றைக்கே காலண்டரில் மூன்று மாதத்தை எண்ணிப் பார்த்தேன்.

முதல் நாள் நாற்பத்தொன்று. இரண்டாம் நாள் நாற்பத்தொன்றரை. மூன்றாம் நாள் இரண்டு மணிக்குப் போய் நின்றேன். நாற்பத்திரண்டு. எனக்குப் பின்னால் எல்லோருமே நிழலில் உட்கார்ந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முப்பத்தொன்பதரை என்று எழுதினேன். கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான். நடுங்கவில்லை.

"அட போங்கப்பா, இன்னிக்குப் பார்த்துக் குறையணுமா!" என்று ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். கலைந்து போனார்கள். யாரும் எழுந்து வந்து வெப்பமானியைப் பார்க்கவில்லை. அது டைம் கீப்பர் வேலை.

எனக்கு நியாயமே இல்லாமல் இல்லை. நான் குறைத்து எழுதியது வெறும் இரண்டரை டிகிரி. நாற்பதில் செத்துவிடுவார்களா? நான் அந்தப் பாறையில் ஏறுகிறேனே, எனக்கு மட்டும் என்ன இரும்பு உடம்பா? வெயில் என்பது பாதி மனசுதான், பழகினால் பழகிவிடும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வெயில் நானே தேடிப் போவது, இரண்டு ஐஸ் பாட்டிலோடு போவது, வேண்டாம் என்றால் திரும்பிவிடக்கூடியது. அவர்கள் வெயில் அப்படியில்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. ஏறவில்லை என்பதுகூடப் பொய், ஏற நான் விடவில்லை.

மூன்று நாள் கணக்கு புதிதாக ஆரம்பித்தது. ஆறாம் நாள் மறுபடி முப்பத்தொன்பதரை. தினமும் காலையில் குன்றுக்குப் போனேன். ஏழு நிமிஷம் குறைவில்லாமல் கிடைத்தது.

சாக்கு அக்கா என்று ஒருத்தி இருந்தாள். என்னைவிடச் சின்னவள்தான், ஆனாலும் யார்டில் எல்லோருக்கும் அக்கா. புதிதாக வார்த்த கற்களை ஏழு நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். கற்களின் மேல் சாக்கு போர்த்தி, ஹோஸ் பிடித்து நனைத்துக்கொண்டே இருப்பது அவள் வேலை. கூரை இல்லாத வெட்டவெளி. நாள் முழுக்கத் தண்ணீரோடு நிற்பவளுக்கு என்ன சூடு என்று நினைப்பேன். அந்தக் கறுப்புக் குழாயில் பகலில் வரும் தண்ணீரில் டீயே போடலாம் என்று எனக்குத் தெரியும்.

எட்டாம் நாள் அவள் பலகைப் பக்கம் வந்தாள். முகம் சிவந்து கிடந்தது.

"சார், நிஜமாவே நாப்பத்தொண்ணுதானா? முந்தாநாள் குறைஞ்சுதுன்னு எழுதினீங்க, அன்னிக்கும் இப்படித்தான் எரிஞ்சுது. உங்க மெஷின் ஒழுங்காத்தான் இருக்கா?"

"மெஷினுக்கு என்ன கேடு? உங்களுக்குத்தான் வயசாகுது அக்கா."

அவள் சிரித்துவிட்டாள். "அதுவும் சரிதான். வீட்லயும் இதையேதான் சொல்றாங்க" என்று ஹோஸை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பதாம் நாள் இரண்டு மணிக்கு வெப்பமானி நாற்பத்துமூன்று காட்டியது. முப்பத்தொன்பதரை என்று எழுதிவிட்டு ஆபீஸுக்குள் வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். இரண்டே முக்காலுக்கு ஒரு லோடுமேன் கத்தினான். கல் அடுக்குக்குப் பின்னால் சாக்கு அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள். ஹோஸ் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது பாலபாடம். வியர்க்கிறவரை பயமில்லை, வியர்வை நின்றால் ஆள் போய்விட்டான். அந்த யார்டில் அதைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நிழலுக்குத் தூக்கினோம். ஆபீஸ் ஃப்ரிட்ஜில் நான் வைத்திருந்த ஐஸ் பாட்டிலை அவள் கழுத்திலும் அக்குளிலும் வைத்தேன். நனைந்த சாக்கைப் போர்த்தி அட்டையால் விசிறினோம். ஆஸ்பத்திரி வேன் வர இருபது நிமிஷம் ஆனது. "நல்ல வேளை, சார் இருந்தாரு" என்று ஒருவன் சொன்னான். அவனை அறையலாம் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் அவள் இறந்துபோனாள்.

நான் முதலில் மாற்றி எழுதிய அந்த மூன்றாம் நாள் உள்ளதை எழுதியிருந்தால் நாலாம் நாளிலிருந்தே ஷிப்டு மாறியிருக்கும். அவள் விழுந்த அன்று பதினோரு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிருப்பாள். இதற்குப் பெரிய கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை.

மேனேஜர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "விதிப்படிதான் நடந்திருக்கு. புக்கு சுத்தமா இருக்கு, தப்பிச்சோம்" என்றார். "ஆனா பேச்சு வந்துடக் கூடாது. நாளையிலேர்ந்து அஞ்சு மணி ஷிப்டு போட்டுடு."

"சார், அந்த ரீடிங்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. "எழுதினது எழுதினதுதான். உன்ன நீயே கெடுத்துக்காத. யார்டு சார்பா அவங்க வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வா, போ."

வார விடுமுறை அன்று சலூன்காரரோடு குன்றுக்குப் போனேன். உச்சியில் உட்கார்ந்து அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஹெல்மெட் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். "அடப்பாவி" என்றார் கடைசியில். "இதுக்காகவா? இந்தக் கல்லுக்காகவா?" பிறகு, "அந்த வீட்ல போய்ச் சொல்லிடு. செருப்பால அடிச்சாலும் வாங்கிட்டு வா. சொல்லாம என் முகத்துல முழிக்காத" என்றார். எனக்கு முன்னால் அவர் இறங்கிப் போய்விட்டார். நான் இறங்கினேன். ஏழு நிமிஷமும் வெறும் கல்லாக இருந்தது.

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவோடுதான் போனேன். போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், 'நான்தான் மாத்தி எழுதினேன்', மூன்றே சொல்.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. உள்ளே போனதும் மூச்சு அடைத்தது. ஃபேன் சூட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் வேலைக்குப் போடும் முழுக்கைச் சட்டை ஆணியில் தொங்கியது, முதுகில் உப்பு பூத்த கறை. புருஷன் ஒரு சரக்குக் கிட்டங்கியில் காவல்காரர். எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பதினாலு வயதுப் பெண் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க. பத்து நாளா அவ சொல்லிட்டே இருந்தா. முடியல, தல சுத்துது, வெயில் தாங்கலன்னு. நான்தான் திட்டினேன். ஊருக்கெல்லாம் அதே வெயில்தான், உனக்கு மட்டும் தனியாவா அடிக்குது, சோம்பேறித்தனம் பண்ணாதேன்னு. அன்னிக்குக் காலையில லீவு போடறேன்னு படுத்துக்கிட்டா. எழுப்பி அனுப்பினது நான் சார்."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"தூக்கம் வரல. நீங்கதானே சூடு பாத்து எழுதறவரு. உள்ளத சொல்லுங்க. அன்னிக்கு வெயில் அவ்ளோ ஜாஸ்தியா? மனுஷன் நிக்க முடியாத வெயிலா? அதுல போயா நான் அவள அனுப்பினேன்?"

மூன்று சொல்லும் என் நாக்கில்தான் இருந்தன. நாற்பத்துமூன்று என்று சொன்னால் இந்த மனுஷன் இன்றைக்கே எங்கேயாவது தொங்கிவிடுவான் என்று தோன்றியது. அதற்காகத்தான் சொல்லவில்லை என்று இன்றுவரை மனைவியிடம்கூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவருக்காகவும் பயந்தேன், எனக்காகவும் பயந்தேன். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

"முப்பத்தொன்பதரைங்க" என்றேன். "நாப்பதுகூட இல்ல."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "நாப்பதுகூட இல்லையா? அப்போ எல்லா நாளும் மாதிரிதான். அவதான் உடம்பப் பாத்துக்கல. தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டா, கழுத." என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும் சார். இப்பதான் கொஞ்சம் மனசு ஆறுது."

"அம்மா பொய் சொல்ல மாட்டாங்கப்பா" என்றாள் அந்தப் பெண்.

நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பொய்னு யாருடி சொன்னா? அவளுக்கு அப்படித் தோணியிருக்கு. சார் புக்குலயே எழுதி வச்சிருக்காரு" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களே அவளுக்குச் சொல்லுங்க சார். ராத்திரியெல்லாம் இதையேதான் சொல்லிட்டு இருக்கா. அம்மா சொன்னது தப்புதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, கேப்பா."

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன்.