பட்டியலில் இல்லாதவருக்கு ஒரு டிக்கெட்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். போர் அருங்காட்சியகத்தின் டிக்கெட் ஜன்னலில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்கு அது இல்லாமல் முடியாது. முன்னாள் படைவீரர்களுக்கு அனுமதி இலவசம் என்று பலகை மாட்டிய நாளிலிருந்து, மாமனாரின் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த மருமகன்கள்தான் எத்தனை பேர்! அதனால்தான் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். பெயர், படையில் செய்த வேலை, கையெழுத்து. மூன்றும் இருந்தால்தான் இலவச டிக்கெட்.

அன்று காலை வந்தவர் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். அட்டை அசல்தான். ஆனால் டிக்கெட்டைத் தன் பெயரில் எழுத வேண்டாம் என்றார்.

"நான் காசு குடுத்தே எடுத்துக்கறேம்மா. இலவசத்த எங்க தண்ணிக்காரர் பேர்ல எழுதுங்க."

"அவர வரச் சொல்லுங்க. ஆள் இல்லாம எழுதச் சொல்லி என் வேலைக்கு வேட்டு வைக்காதீங்க ஐயா."

"அவரால வர முடியாதும்மா."

வரிசையில் வேறு யாரும் இல்லை. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மலைமேல காவல் முகாம். காலைல நாப்பது பேருக்குச் சமைச்சேன். சாயங்காலம் பதினோரு பேர்தான் தட்டு எடுத்தாங்க. உள்ள இருக்கற நினைவுப் பலகையில அந்தச் சண்டையில செத்தவங்க இருபத்தெட்டு பேர்னு போட்டிருக்கு. சோத்துக் கணக்கு தப்பாதும்மா, ஒருத்தர் குறையுது. தண்ணிக்காரர் தினக்கூலி. சண்டை நடக்கறப்பவும் கழுதைமேல தண்ணி ஏத்திட்டுப் போனார். மூணு நடை போயிட்டு வந்தார். நாலாவது நடையில கழுதை மட்டும் வந்துச்சு."

இயக்குநரிடம் மூன்று முறை மனு கொடுத்திருக்கிறார். படையின் பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பலகையில் இடமில்லை என்று மூன்று முறையும் ஒரே பதில்.

"பலகைய விட்டுட்டேன். நானும் போயிட்டா அவர் பேரச் சொல்ல ஆளில்ல. இந்த எடத்துல ஏதாவது ஒரு தாள்லயாவது இருக்கட்டும்மா."

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வேலை போனால் போகட்டும் என்று பதிவேட்டை இழுத்தேன். பெயரைக் கேட்டு எழுதினேன். வேலை: தண்ணீர் கொண்டுபோனவர். கையெழுத்துக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"அவருக்கு எழுதத் தெரியாதும்மா. கைநாட்டுதான்."

முத்திரைக்கு வைத்திருந்த மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். அடுப்புச் சூட்டில் தழும்பேறிய பெருவிரலை அழுத்தமாகப் பதித்தார். பிறகு தன் டிக்கெட்டுக்குச் சரியாகச் சில்லறை எண்ணி வைத்தார்.

வாசல் காவலர் அண்ணன் விதியை விட்டு இம்மியும் நகராதவர். டிக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு இருக்கே. இன்னொருத்தர் எங்க?"

சமையல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

நான் ஜன்னலிலிருந்தே கத்தினேன். "கூடத்தான் நிக்கிறார் அண்ணே! ரெண்டையும் கிழிச்சு உள்ள விடுங்க!"

அண்ணன் என்னைப் பார்த்தார். சமையல்காரரின் மை படிந்த விரலைப் பார்த்தார். இரண்டு டிக்கெட்டையும் கிழித்தார். எப்போதும் ஒற்றைக் கதவைத்தான் திறப்பார். அன்று இரண்டையும் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.