முழங்கை மடிப்பு

கணவன் போன பிறகு அவளுக்கு அழுகையே வரவில்லை. வந்தவர்கள் எல்லாம், "அழுதுடும்மா, மனசு லேசாகும்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். வராததை எங்கிருந்து இழுத்து வருவாள்? சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான்.

கைக்கு மட்டும் வேலை மறக்கவில்லை. மற்றவர்கள் போட்டுக் கழித்த நல்ல துணிகளை வீட்டிலேயே படம் பிடித்து ஆன்லைனில் விற்பதுதான் அவள் பிழைப்பு. அன்று காலை எழுந்தவள் நேராகப் போய்க் கணவனின் அலமாரியைத் திறந்தாள். சட்டைகள் சும்மா கிடப்பானேன்?

மாமியார் தடுக்கவில்லை.

"எல்லாத்தையும் வித்துக்கோ. நாற்காலில கிடக்கிற அந்த நீலச் சட்டை மட்டும் எனக்கு. துவைக்காதே, தேய்க்காதே. அவன் கழட்டிப் போட்டபடியே இருக்கட்டும்."

"சரி அத்தை" என்று தலையாட்டினாள். காதில் விழுந்தது. அதற்கு மேல் உள்ளே போனதா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஜன்னலோரம் வெள்ளை விரிப்பை விரித்தாள். மெல்லிய திரையை இழுத்துவிட்டதும் வெயிலின் உறைப்பு அடங்கியது. எதிர்ப்பக்கம் நிழல் கட்டாமலிருக்க ஒரு தெர்மாகோல் அட்டை வேண்டும். அதைப் பிடிப்பது அவன் வேலை. "கொஞ்சம் சாய்ங்க, இன்னும் கொஞ்சம்" என்பாள். "நம்ம கல்யாண ஆல்பத்துக்குக்கூட என்னை இந்தப் பாடு படுத்தலையேடி!" என்பான். இப்போது அட்டையை ஸ்டூலில் சாய்த்து வைத்தாள். சறுக்கி விழுந்தது. ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தாள். நின்றது.

ஒவ்வொரு சட்டையாக ஸ்டீமரால் சுருக்கம் நீக்கி, கைக்குள் காகிதம் திணித்து உப்பவைத்து, படம் எடுத்தாள். சுருக்கத்தோடு எடுத்தால் எந்த மகராசன் வாங்குவான்? வெள்ளை முடிந்தது, கோடு போட்டது முடிந்தது, பழுப்பு முடிந்தது. நீலம் எல்லாவற்றையும்விட நன்றாக வந்தது. அதுவும் அந்த முழங்கைப் பக்கம், ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

அடிப் பாவி! அவன் கையை மடக்கி மடக்கி உட்கார்ந்து விழுந்த மடிப்புகள், உலகத்தில் அவன் உடம்பு விட்டுப்போன ஒரே அடையாளம், அதைத் தன் கையாலேயே ஆவி காட்டி அழித்திருந்தாள். எடுத்து முகர்ந்தாள். ஈரத் துணி வாசம்தான் அடித்தது.

மாமியார் கதவருகே வந்து நின்றிருந்தாள்.

"அத்தை... பழக்கத்துல கை பாட்டுக்கு..."

மாமியார் சட்டையை வாங்கி, அதன் கைகளை மடக்கி மடக்கி அழுத்தினாள். விட்டதும் நேராகிக்கொண்டன. கடைசியில் சட்டையை அவளிடமே நீட்டினாள்.

"போட்டுக்கோ."

"நானா?"

"போட்டுக்கிட்டு உன் வேலையைப் பாரு. சாயங்காலத்துக்குள்ள மடிப்பு விழுந்துடும்."

"அது என் மடிப்பா இல்ல இருக்கும் அத்தை?"

"இருந்துட்டுப் போகட்டும். எனக்கு இனிமே நீதானே இருக்கே."

போட்டிருந்த உடைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். கை விரலைத் தாண்டித் தொங்கியது. மாமியார்தான் பொத்தான் போட்டுவிட்டாள். பிறகு யாரும் சொல்லாமலே செங்கல்லைத் தள்ளிவிட்டு, தெர்மாகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் சாய்ங்க அத்தை" என்றாள் இவள்.

இன்னும் கொஞ்சம் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் அழுகை வந்தது.