ஆறுதலா ஓடுங்கோ

என் வீட்டுக்காரர் அழகமுத்துவுக்கு ஓடத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும்தான் பாடத் தெரியாது, ஆனால் நான் மேடை ஏறுவதில்லையே. அவரோ வருசா வருசம் ஒபீஸ் வீதியோட்டப் போட்டிக்குப் பெயர் கொடுப்பார். வருசா வருசம் கடைசியாக வருவார்.

கடைசியாக வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாராவது ஒருவர் கடைசியாக வரத்தானே வேண்டும்? பிரச்சினை அந்த டிரக்டர். ஓடுகிறவர்கள் குடித்துவிட்டு எறியும் தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்குவதற்காக, கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு குப்பை டிரக்டர் வரும். வாவிக்கரையில் தொடங்கி, அம்பிட்டிய ஏற்றம் ஏறி, மேலே திரும்பி, அதே வழியாக இறங்க வேண்டும். எங்கள் வீடு அந்த ஏற்றத்தின் நடுவில் இருக்கிறது. ஆகவே என் புருசனும் குப்பை டிரக்டரும் கல்யாண ஊர்வலம் மாதிரி எங்கள் வாசலைப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை கடப்பார்கள். ஒபீஸில் அவருக்கு 'பின்லைட்' என்று பட்டப்பெயர்.

எங்கள் மகள் லோஜினிக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய கூட்டாளிகள் பாதிப் பேர் இதே வீதியில்தான் இருக்கிறார்கள். போன வருசம் டிரக்டர் சத்தம் கேட்டதும் அவள் ஓடிப்போய் ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். ஓடிக்கொண்டிருந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவர் சோற்றில் கை வைக்கவில்லை. எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம் வந்தது. இரண்டு பேரையும் நினைத்து அழுகையும் வந்தது.

"இந்த வருசம் அந்த டிரக்டர் என் பின்னால வராது, கஜா," என்றார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, படம் பார்ப்பது. ஒன்றுக்கும் ஆகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் கடைசியில் கோப்பை தூக்குவானே, அந்த மாதிரி விளையாட்டுப் படங்கள். ஒரு கால் குட்டையான ஓட்டக்காரன், சப்பாத்து இல்லாத பந்தாட்டப் பிள்ளைகள், கண்பார்வை மங்கிய குத்துச்சண்டைக்காரன். ஒபீஸ் விட்டு வந்ததும் டீவிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொள்வார். நான் தேங்காய் துருவிக்கொண்டே பார்ப்பேன். இப்போது எனக்கும் அத்தனையும் அத்துப்படி. தோற்கிற நாளில் மழை பெய்யும். வெல்கிற நாளில் மனைவி பிந்தித்தான் வந்து சேருவாள். நடுவில் ஒரு பாட்டு வரும். பாட்டு தொடங்கும்போது தொந்தியோடு இருப்பவன், பாட்டு முடியும்போது கல்லு மாதிரி ஆகிவிடுவான்.

எங்கள் வீட்டிலும் பாட்டு போட்டார். பாட்டு முடிந்தது. தொந்தி வைத்த இடத்திலேயே இருந்தது.

பிறகு ஒரு பழைய டயரை இடுப்பில் கயிற்றால் கட்டி, ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு ஓடப் பழகினார். எதிர்வீட்டு நாய்க்கு அது நல்ல வசதியாகப் போய்விட்டது. டயருக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு மேலே வரைக்கும் சவாரி போகும். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் இல்ஹாம் ஒருநாள், "அண்ணே, டயர் விக்கிறதா? நாயோட சேத்து என்ன வில?" என்று கேட்டார். லோஜினி அதற்கும் ஜன்னலைச் சாத்தினாள்.

எல்லாம் செய்தும் அவருக்கு ஒரு குறை இருந்தது.

"படத்தில போட்டிக்கு முதல்நாள் ஹீரோவ யாராவது மட்டந்தட்டணும். அப்பதான் வெறி வரும். என்னைய ஒருத்தரும் ஒழுங்கா மட்டந்தட்ட மாட்டேங்கிறாங்க."

"நான் தெனமும் செய்யிறேனே," என்றேன்.

"பொஞ்சாதி சொன்னா கணக்கில சேராது. கோச் சொல்லணும்."

கோச்சுக்கு எங்கே போவது? அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து முத்துலிங்கம் என்று ஒரு பிரதம லிகிதர் ஒபீஸுக்கு மாற்றலாகி வந்திருந்தார். ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது, ஆனால் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஓடுகிறவர். இந்தப் போட்டிக்கும் பெயர் கொடுத்திருந்தார். அவரை எங்கள் ஆள் கெஞ்சிக் கூத்தாடி, போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் தேத்தண்ணிக்கு அழைத்து வந்தார்.

முத்துலிங்கம் அமைதியான மனிதர். டயரைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் தொந்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அழகமுத்து, வேற ஒண்டும் யோசிக்காதேங்கோ. நீங்கள் ஆறுதலா ஓடுங்கோ. அது காணும்," என்றார்.

இவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் சுருக்கென்றது. எங்களுக்கு ஆறுதல் என்றால் சாவு வீட்டில் சொல்வது. இல்லாவிட்டால் போட்டியில் தோற்றவர்களைக் கூப்பிட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் பேசின். என் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, என் புருசனை ஆறுதல் பரிசுக்கு ஓடச் சொல்கிறாரா இந்த மனிதர்? வடை கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

அவர் வாசலைத் தாண்டியதும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் சிரித்தது.

"கஜா, மட்டந்தட்டிட்டாரு! என்னைய ஆறுதல் பரிசுக்குத்தான் லாயக்குன்னுட்டாரு! நாளைக்குப் பாரு."

மறுநாள் காலையில் வீதி இரண்டு பக்கமும் ஆட்கள். லோஜினி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். நான் கூப்பிடவில்லை. திடீரென்று கீழ் வளைவிலிருந்து இல்ஹாம் கத்தினார்: "அக்கா! ஓடி வாங்க! அண்ணன்தான் முன்னுக்கு வாராரு!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் வந்தது அவர்தான். முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. வாய் எதையோ முணுமுணுத்தது. பின்னால் ஒருவரையும் காணவில்லை. டிரக்டர் சத்தமே இல்லை. ஜன்னல் திறந்தது. பிறகு கதவு திறந்தது. லோஜினி செருப்புகூடப் போடாமல் வீதிக்கு ஓடி வந்து, "எங்கப்பா! எங்கப்பாதான் பெஸ்ட்டு!" என்று கத்தினாள். அவர் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காக ஆயிரம் டயர் இழுக்கலாம்.

அப்புறம் மற்ற ஓட்டக்காரர்கள் மேலே போனார்கள். டிரக்டரும் வெறுமனே போத்தல் பொறுக்கிக்கொண்டு போனது. பிறகு ஒவ்வொருவராக இறங்கி வரத் தொடங்கினார்கள். முதல் ஆள் அவரில்லை. இரண்டாவது ஆளும் இல்லை. லோஜினி நகம் கடிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் முத்துலிங்கம் கோயிலுக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக ஓடி வந்தார். நான் வீதியில் இறங்கி மறித்தேன்.

"இவரு எங்க?"

"மேல மதகில இருக்கிறார், தங்கச்சி. பயப்பிடாதேங்கோ, மூச்சு வாங்குது, அவ்வளவுதான். நான் ஆறுதலா ஓடச் சொன்னனான். அவர் பேய் துரத்தினமாதிரி ஓடினா என்ன செய்யிறது?"

"ஆறுதலான்னா?"

"மெதுவா எண்டு. வேறென்ன?"

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற்றத்தில் ஓடினேன். அவர் மதகுக் கட்டின் மேல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிரக்டர் நின்றது. "ஏறுங்க சேர், எறக்கி விடுறேன்," என்று டிரைவர் ரமேஸ் சொல்லிக்கொண்டிருந்தான். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். மனிதர் கால் வலியைக்கூட மறந்து என்னை வெறித்துப் பார்த்தார்.

"அப்ப அவரு என்னைய மட்டந்தட்டலையா?"

"இல்லங்க."

"மெதுவா ஓடியிருந்தா கடைசியா வராம இருந்திருப்பேனோ?"

கையை நீட்டி, "எழும்புங்க," என்றேன்.

டிரக்டரில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். நொண்டி நொண்டி இறங்கினார். நான் ஓரமாக நடந்தேன். பின்னால் டிரக்டர் உறுமிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டு வளைவு நெருங்கியதும் அவர் தலை தானாகக் குனிந்துவிட்டது. நான் ஜன்னலைத்தான் பார்த்தேன். ஜன்னல் திறந்தபடியே இருந்தது. உள்ளே யாருமில்லை.

லோஜினி வீதியில் நின்றாள். கூட்டாளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தன்னைக் கடக்கும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு அவருக்கும் டிரக்டருக்கும் நடுவில் புகுந்து, வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினாள்.

"என்னடி செய்யிற?" என்றேன்.

"இப்ப அப்பா கடைசி இல்லம்மா. நான்தான் கடைசி."

அவர் திரும்பவில்லை. ஆனால் தோள் குலுங்குவது தெரிந்தது. நானும் ஓரத்தை விட்டு, மகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இல்ஹாம் கைதட்டினார். எதிர்வீட்டு நாய் டயரைத் தேடிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

ரமேஸ் பொறுமையிழந்து ஹோர்ன் அடித்தான். "அக்கா, இப்பிடியே போனா எப்ப கீழ போய்ச் சேர்றது?"

"ஆறுதலா வா, ரமேஸ்," என்றேன்.